பெயருக்கு முன்னால் நிறம்: மூன்று வயதுப் பிள்ளைக்கு வண்ணங்களைப் பழக்குவது

ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. மகனுக்கு 3 வயது 2 மாதம் ஆகிறது. சிவப்பை மட்டும் சரியாகச் சொல்கிறான். மற்ற எல்லாவற்றையும் "ப்ளூ" என்கிறான். "கலர்ஸ் இன்னும் வரவில்லை" என்று பள்ளியிலிருந்து டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். படஅட்டை வாங்கித் தினமும் மாலையில் உட்காரவைத்துக் கேட்டுப் பார்த்தும் பயனில்லை; இப்போது அட்டையை எடுத்தாலே எழுந்து ஓடிவிடுகிறான். ஓவியமாகவும் விளையாட்டாகவும் இதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா, வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் கேட்பதால் குழம்புகிறானா, கண்ணிலேயே ஏதேனும் குறை இருக்குமா என்பவை அவருடைய ஐயங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மழலையர் வகுப்பில் பிள்ளைகளோடு இருப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கவலை உங்களுக்கு மட்டும் வந்ததன்று. பரிணாமக் கொள்கையை வகுத்த சார்லஸ் டார்வின், தம் பிள்ளைகள் வீட்டுப் பொருள்களின் பெயரெல்லாம் தெரிந்த வயதிலும் நிறங்களின் பெயரைச் சரியாகச் சொல்லத் திணறியதைக் கண்டு, அவர்களுக்கு நிறக்குருடு இருக்கிறதோ என்று அஞ்சியதாகவும், பின்னர் அது வீண் அச்சம் என்று தெரிந்ததாகவும் 1877இல் எழுதியிருக்கிறார். உங்கள் மகனின் வயதில் ஒரு நிறத்தின் பெயர் உறுதியாக வந்திருப்பதும், மற்றவற்றுக்கெல்லாம் இன்னொரு நிறப்பெயரையே சொல்வதும் நல்ல அறிகுறி என்றுதான் நான் சொல்வேன். நிறத்தைக் கேட்டால் நிறத்தின் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்பது அவனுக்குப் பிடிபட்டுவிட்டது, "இது என்ன கலர்?" என்று கேட்டால் அவன் "நாய்" என்றோ "பந்து" என்றோ சொல்லவில்லை. எந்தப் பெயர் எதற்கு உரியது என்பதுதான் இன்னும் படியவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு வயதை ஒட்டி அடிப்படை நிறங்களின் பெயர்கள் படிந்துவிடும். சிலருக்கு இன்னும் சில மாதங்கள் ஆகும்.

நிறம் ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்று நாம் யோசிப்பதே இல்லை. டம்ளரைக் காட்டி டம்ளர் என்றால் பிள்ளை பிடித்துக்கொள்கிறது, ஏனென்றால் கையில் எடுக்கலாம், வாயில் வைக்கலாம், தரையில் போட்டு ஓசை கேட்கலாம். சிவப்பு என்பதைத் தனியாக எடுத்துக் கையில் கொடுக்க முடியாது. அது மிளகாய்வற்றலின்மேல் இருக்கிறது, பாட்டியின் நெற்றியில் இருக்கிறது, பேருந்தின் பின்விளக்கில் இருக்கிறது. நாம் ஒரு சிவப்பு டம்ளரைக் காட்டி "சிவப்பு" என்று மட்டும் சொன்னால், சொன்னது அதன் வடிவத்தையா, வழவழப்பையா, அதனுள் இருக்கும் பாலையா என்று குழந்தைக்குத் தெரிய வழியில்லை. போதாக்குறைக்கு, ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதற்குக் கோடு கிடையாது. மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்குப் போகும் வழியில் எந்த இடத்தில் பெயர் மாறுகிறது என்று பெரியவர்களே ஒத்துப்போகமாட்டோம்.

நாம் வாக்கியத்தை அமைக்கும் முறையே இதில் உதவவோ தடுக்கவோ செய்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ராம்ஸ்கரும் உடனிருந்தவர்களும், பொருளின் பெயரை முதலில் சொல்லி நிறத்தைப் பின்னால் சொன்னால் சின்னப் பிள்ளைகள் நிறப்பெயர்களை எளிதாகக் கற்கிறார்கள் என்று 2010இல் எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்தது ஆங்கிலம் பேசும் பிள்ளைகளைத்தான். ஆனாலும் என் வகுப்பில் தமிழிலும் இது கைகொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். "சிவப்புப் பந்தை எடு" என்னும்போது பிள்ளை முதல் சொல்லைத் தவறவிட்டுப் பந்தைப் பிடித்துக்கொள்கிறது. பந்து கிடைத்துவிட்டதால் சிவப்பைப் பற்றி அதற்குக் கவலையில்லை. "இந்தப் பந்து சிவப்பு, அந்தப் பந்து மஞ்சள்" என்று சொன்னால், பந்து என்பது முதலிலேயே தீர்ந்துவிடுவதால், எஞ்சியிருக்கும் வேறுபாட்டைக் கண் தேடத் தொடங்குகிறது. இரண்டு பந்துகளும் அளவிலும் பொருளிலும் ஒன்றாக இருந்து நிறத்தில் மட்டும் வேறுபட்டால் இன்னும் நல்லது. இந்த ஒரு மாற்றத்தை இன்றைக்கே செய்துவிடலாம், காசு செலவில்லை.

அடுத்து, "இது என்ன கலர்?" என்று கேட்பதை ஒரு மாதத்துக்கு நிறுத்திவிடுங்கள். மாண்டிசோரி முறையில் ஒரு பெயரைக் கற்பிக்க மூன்று படிகள் உண்டு. "இது நீலம், இது மஞ்சள்" என்று நாம் சொல்லிக் காட்டுவது முதற்படி. "மஞ்சளை எடுத்து என் கையில் வை, நீலத்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வை" என்று கேட்டுச் செய்யவைப்பது இரண்டாம் படி. "இது என்ன?" என்பது மூன்றாம் படி. இரண்டாம் படியில் நாள்கணக்கில், தேவைப்பட்டால் வாரக்கணக்கில் விளையாட வேண்டும். அதில் தடுமாற்றமே இல்லை என்றான பிறகுதான் மூன்றாவது. நாம் வீட்டில் செய்வது என்னவென்றால், முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராக மூன்றாவதில் போய் நிற்பது. தவறாகச் சொன்னால் அம்மாவின் முகம் வாடும் என்பதைப் பிள்ளை இரண்டே நாளில் கண்டுகொள்கிறது. அவன் அட்டையைக் கண்டு ஓடுவது அந்த முகத்தைக் கண்டுதான்.

இந்த முறையை உருவாக்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். அவர் வகுத்த கருவிகளில் நிறத்துக்கென்று மூன்று பெட்டிகள் இருக்கின்றன. முதற்பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை மட்டும் இரண்டிரண்டாக, ஆறே வில்லைகள். இரண்டாவதில் 11 நிறங்கள், அவையும் ஜோடியாக. மூன்றாவதில் 9 நிறங்கள். ஒவ்வொன்றிலும் அடர்த்தியிலிருந்து வெளிறல்வரை 7 சாயல்கள். ஜோடி சேர்ப்பதும் வரிசைப்படுத்துவதும்தான் வேலை, பெயர் பிறகுதான். கண் பிரித்தறிந்த பிறகே சொல் வந்து உட்கார வேண்டும் என்பது இதன் அடிப்படை. என் அனுபவமும் அதுவே.

அந்தப் பெட்டிகளை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் அந்த வில்லைகள் பட்டு நூல் சுற்றியே செய்யப்பட்டன; நம் வீட்டுத் தையல் டப்பாவில் நூல்கண்டுகள் இருக்கின்றன. புடவையை எடுத்துக்கொண்டு பிளவுஸ் பிட் வாங்கக் கடைக்குப் போகிறோமே, அங்கே நடப்பது மூன்றாம் பெட்டியின் பாடமேதான். கடைக்காரர் அரக்கில் எட்டுத் துணிகளை விரித்துப் போடுகிறார். நாம் புடவையின் ஓரத்தை ஒவ்வொன்றின்மேலும் வைத்துப் பார்த்து, "இது கொஞ்சம் தூக்கலா இருக்கு, அது மங்கல்" என்கிறோம். கடைசியில் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறோம். அடுத்த முறை மகனையும் அழைத்துச் செல்லுங்கள். வெட்டி மிஞ்சிய துணித்துண்டுகளைத் தையற்காரரிடம் கேட்டு வாங்கி, உள்ளங்கை அளவுக்கு இரண்டிரண்டாக நறுக்கினால் ஜோடி சேர்க்கும் ஆட்டம் தயார். மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வெங்காயத்தோல் நிறம் என்று பாட்டி வாயில் வரும் பெயர்கள் எல்லாம் அவன் காதில் விழட்டும். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

துணி காயப்போடும்போது கிளிப்புகளை நிறவாரியாகப் பிரித்துத் தரச் சொல்லலாம். சந்தைப்பையைக் கவிழ்த்து, தக்காளிக்குப் பக்கத்தில் இன்னும் என்னென்ன போகலாம் என்று பார்க்கலாம். பல்லாங்குழிக் குழிகளில் பொத்தான்களை இனம் பிரித்துப் போடலாம். மூன்று வயதுக்கு அந்தப் பொத்தான்கள் விழுங்க முடியாத அளவில் பெரியவையாக இருக்க வேண்டும், நீங்களும் உடன் உட்கார வேண்டும். சிவப்பும் கருப்புமாக அழகாக இருக்கிறதென்று குன்றிமணியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதன் விதை கடும் நஞ்சு.

மொழிக் குழப்பத்துக்கு வருகிறேன். தமிழ்ச்சொல்லும் ஆங்கிலச்சொல்லும் ஒருசேரக் கேட்பதால் பிள்ளையின் மூளை குழம்பிவிடாது. இரண்டு பெயர்களையும் அது ஏற்றுக்கொள்ளும். குழப்பம் வேறோர் இடத்திலிருந்து வருகிறது. நம் ஊர்களில் பலர் நீலத்தையும் ஊதா என்றே சொல்வார்கள். ஆகவே ஒரே வாளியைப் பாட்டி ஊதா என்கிறார், அம்மா நீலம் என்கிறார், பள்ளியில் மிஸ் ப்ளூ என்கிறார். அதே பள்ளியில் கத்தரிப்பூ நிறத்தையும் இன்னொரு மிஸ் ஊதா என்கிறார். இந்நிலையில் பிள்ளை எல்லாவற்றையும் ப்ளூ என்று சொல்வதில் வியப்பில்லை. வீட்டிலுள்ள பெரியவர்கள் உட்கார்ந்து, நீலம் எது, ஊதா எது என்று முதலில் நமக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டும். ரோஸ், ஆரஞ்சு ஆகியவற்றை வீட்டில் அப்படியே சொல்வதானால் சொல்லுங்கள். இளஞ்சிவப்பு என்ற சொல் அவன் படிக்கத் தொடங்கும்போது தானாக வரும். ஒரே வாக்கியத்துக்குள் "அந்த ரெட் சிவப்பு பால்" என்று இரண்டையும் அடுக்குவதை மட்டும் தவிர்த்தால் போதும்.

பச்சை என்ற சொல்லும் பிள்ளைகளைச் சோதிக்கும். பச்சரிசி வெள்ளையாக இருக்கிறது; பச்சைத் தண்ணீருக்கு நிறமே இல்லை; காய்ச்சாத பாலைப் பச்சைப் பால் என்கிறோம்; பிறந்த குழந்தையைப் பச்சைக்குழந்தை என்கிறோம். என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, பச்சரிசி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "மிஸ், இதுல பச்சை எங்க?" என்று கேட்டாள். காயாகவும் சமைக்காமலும் இருப்பதையும் நம் மொழி பச்சை என்கிறது என்று நான் விளக்கியபோது, "அப்போ எங்க தம்பி பச்சையா?" என்றாள். அவள் அன்று காலைதான் மூன்று மாதத் தம்பியைக் கொஞ்சிவிட்டு வந்திருந்தாள். ஐந்து வயதைத் தொட்ட பிள்ளைகளோடு இதையே ஒரு தேடலாக ஆடலாம்: செங்கல், செம்மண், செம்பருத்தி, வெண்ணெய், வெள்ளி, கருங்கல், கருவிழி. சொல்லுக்குள் நிறம் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தால் அவர்களுக்கு வரும் மகிழ்ச்சி சொல்லி முடியாது. உங்கள் மகனுக்கு அதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன.

இனி ஓவியம். பன்னிரண்டு வண்ணப் பெட்டியைத் திறந்து முன்னால் வைக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள்கள் மஞ்சள் மட்டும். பெரிய தாள், கட்டைத் தூரிகை அல்லது விரல்கள், பழைய சட்டை. அடுத்து நீலம் மட்டும். மூன்றாவதாக இரண்டையும் இரு கிண்ணங்களில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருங்கள். மஞ்சளின்மேல் நீலம் வழிந்து பச்சை எழும் அந்தக் கணத்தில் பிள்ளைகள் கையை அப்படியே நிறுத்திவிடுவார்கள். சிலர் தாளைத் திருப்பிக்கூடப் பார்ப்பார்கள், பச்சை எங்கிருந்து வந்தது என்று. "மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை" என்று நாம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தக் கணம் போய்விடும். அவன் கண்டுபிடித்த பிறகு, "ஆமாம், பச்சை வந்திருக்கிறது" என்று பெயரைக் கொடுங்கள். அந்தப் பெயர் மறக்காது.

வண்ணம் வாங்குவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா வரும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். கலந்து பார்த்தால் சேற்று நிறம்தான் வரும், பிள்ளை ஏமாந்துபோகும். காரணம், ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பில் மஞ்சள் மறைந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் பழுப்புதான். ஊதாவுக்குக் கிரிம்சன் என்று எழுதிய சிவப்பையோ நல்ல ரோஸ் நிறத்தையோ வாங்குங்கள். பச்சைக்கு லெமன் எல்லோ தெளிவாக வரும். வெள்ளையை மட்டும் பெரிய பாட்டிலாக வாங்கி வையுங்கள், ஏனென்றால் ஒரு கரண்டி வெள்ளையில் ஒரு சொட்டுச் சிவப்பு, இரண்டு சொட்டு, மூன்று சொட்டு என்று ரோஸிலிருந்து ஏறிக்கொண்டே போவதை எத்தனை முறை செய்தாலும் அவர்களுக்குச் சலிக்காது. எல்லாக் கிண்ணங்களையும் ஒன்றாகக் கொட்டிச் சேறாக்குவதும் நடக்கும். திட்ட வேண்டாம். எல்லாம் சேர்ந்தால் எல்லாம் போய்விடும் என்பதை வேறு எப்படித்தான் அவன் தெரிந்துகொள்வான்?

நான் மிகவும் விரும்பிச் செய்யும் ஒன்றைச் சொல்கிறேன். மஞ்சள்தூளை வெந்நீரில் கரைத்து, அதில் வெள்ளைத் துணித்துண்டுகளையோ மையுறிஞ்சும் தாளையோ நனைத்து நிழலில் காயவைத்துவிடுவேன். மறுநாள் ஆளுக்கொன்று கொடுத்து, சோப்புக்கட்டியைக் கரைத்த நீரைச் சிறு கிண்ணத்தில் வைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் வரையச் சொல்வேன். நீரில் நிறமே இல்லை. துணியில் பட்ட இடமெல்லாம் செக்கச்செவேலென்று கோடு எழுகிறது. ஒரு முறை, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பையன் தன் குச்சியை முகர்ந்து பார்த்தான், கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தான், பிறகு மெதுவாகச் சொன்னான்: "சாம்பார் கொட்டின சட்டையை எங்க அம்மா துவைச்சா இப்படித்தான் ஆகும்." அவன் சொன்னது முழுக்கச் சரி. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தில், அதாவது அமிலத்துக்கு எதிரான பொருளில், சிவக்கிறது. சோப்பும் ஆப்பசோடாவும் சுண்ணாம்பும் காரம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைப்பதும் இதுதான். அடுத்து எலுமிச்சைச் சாற்றில் குச்சியைத் தோய்த்துச் சிவப்புக் கோட்டின்மேல் இழுத்தால் மஞ்சள் திரும்பி வரும். அந்தப் பையன் அன்று மணியடிக்கும்வரை ஒரே கோட்டைச் சிவப்பாக்குவதும் மஞ்சளாக்குவதுமாக இருந்தான். இரண்டு நிறங்களின் பெயரையும் அவன் எத்தனை முறை உரக்கச் சொன்னான் என்று எனக்கு எண்ண முடியவில்லை. பிள்ளைகள் கையில் சுண்ணாம்பைக் கொடுக்கவே கூடாது. கண்ணில் தெறித்தால் பார்வையே பறிபோகலாம். சோப்பு நீரும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்குப்பூவும் அப்படியே. நீலச் சங்குப்பூ பத்துப் பதினைந்தை வெந்நீரில் போட்டால் நீலச்சாறு இறங்கும். எலுமிச்சை சில சொட்டு விட்டால் ஊதா, இன்னும் விட்டால் ரோஸ். நீலம், ஊதா, ரோஸ் மூன்றும் ஒரே டம்ளரில் அடுத்தடுத்து வருவதால், உங்கள் மகனின் "எல்லாம் ப்ளூ" என்பதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

கோடு போட்ட படங்களுக்கு வண்ணம் தீட்டும் புத்தகங்களைப் பற்றிக் கேட்பார்கள். கைவிரலுக்குப் பயிற்சியாக எப்போதாவது கொடுக்கலாம். நிறத்தைக் கற்க அவை உதவுவதில்லை. அங்கே வாழைப்பழம் என்றால் மஞ்சள்தான். நம் கடையில் செவ்வாழையும் தொங்குகிறது, பச்சை வாழையும் தொங்குகிறது. கத்தரிக்காயை எடுத்தால் ஊதா, பச்சை, வெள்ளை, வரிவரியாக ஒன்று. பிள்ளை கத்தரிக்காய்க்குப் பச்சை தீட்டியதைத் தப்பு என்று அடித்துத் திருத்திய நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். மனம் வலிக்கிறது.

அதைவிட வலிப்பது தோல் நிறம். "தோல் கலர் குடுங்க மிஸ்" என்று கேட்டு, வெளிறிய ரோஸ் கிரேயானை எடுத்துக்கொண்டு, கருத்த பிள்ளைகள் தங்கள் முகத்தை அதால் தீட்டுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் 'ஃப்ளெஷ்' (சதை) என்ற பெயரில் விற்ற கிரேயானின் பெயரை 1962இலேயே பீச் என்று மாற்றிவிட்டது. நம் வகுப்புகளில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. வீட்டிலோ வெளுத்த பிள்ளையைச் சிவப்பு என்கிறோம், கருத்த பிள்ளையின் காதுபட "கருத்துப்போச்சு" என்கிறோம். பழுப்பு, மஞ்சள், சிவப்பு, வெள்ளை நான்கையும் தட்டில் வைத்து, தன் முன்கையில் ஒரு சொட்டை வைத்துப் பார்த்து, தோலோடு கலந்து காணாமல்போகும்வரை நிறத்தைக் கலக்கச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் கைக்குக் கலக்குங்கள். ஒரே வீட்டில் நான்கு பேருக்கு நான்கு கலவை வரும். கருப்பு என்ற சொல்லை அவன் முதன்முதலில் ஒரு வசையாகக் கேட்காமல், ஒரு நிறமாகக் கேட்பதற்கு இது வழி செய்யும்.

ஓடியாடும் ஆட்டத்துக்கு நாமெல்லாரும் ஆடிய கலர் கலர் ஆட்டமே போதும். ஒருவர் நிறத்தைச் சொல்ல, மற்றவர்கள் ஓடிப்போய் அந்த நிறத்தில் எதையாவது தொடுவது. சின்னவனோடு ஆடும்போது நீங்களும் அவனோடு சேர்ந்து ஓடித் தொட வேண்டும். வாசலில் வண்ணக்கோலம் போடுவதானால் கடையில் விற்கும் கோலப்பொடி வேண்டாம். அதில் என்ன சாயம் இருக்கிறதென்று நமக்குத் தெரியாது, மூன்று வயதுக் கை அடிக்கடி வாய்க்குப் போகும். அரிசிமாவில் மஞ்சள்தூளோ பீட்ரூட் சாறோ கலந்து காயவைத்துக் கொடுங்கள்.

கடைசியாகக் கண். பெயர் தவறுவதும் நிறம் தெரியாமலிருப்பதும் வேறு வேறு. துணித்துண்டுகளை ஜோடி சேர்க்கச் சொல்லும்போது, வாயே திறக்காமல் சரியாகச் சேர்த்தால் அவன் கண்ணைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, பெயர்கள் வந்துகொண்டிருக்கின்றன. அதற்கு மாறாக, சிவப்பையும் பழுப்பையும், அல்லது பச்சையையும் பழுப்பையும் ஜோடியாகத் தொடர்ந்து வைத்தால், இலைக்குப் பழுப்பைத் தயங்காமல் தீட்டினால், கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு பெரும்பாலும் தாய்வழி மரபணுவால் மகன்களுக்கு வருகிறது. பெண் பிள்ளைகளுக்கு மிக அரிது. உங்கள் அப்பாவுக்கோ உடன்பிறந்த சகோதரர்களுக்கோ இருந்திருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். நிறப்பார்வையைச் சோதிக்க 1917இலிருந்து வழக்கத்திலுள்ள இஷிஹாரா புள்ளித் தட்டுகளில், எண் படிக்கத் தெரியாத பிள்ளைகள் விரலால் தொடர்ந்து போகும் வளைகோட்டுத் தட்டுகளும் உண்டு. அப்படி ஒரு குறை இருப்பதாகவே தெரிந்தாலும், பள்ளியில் சொல்லி, அவனுடைய கிரேயான்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் படம் ஒட்டித் தரச் செய்தால் வகுப்பு வேலை நடக்கும். இப்போதைக்கு, டைரியில் அந்தக் குறிப்பை எழுதிய ஆசிரியையிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: அவன் பெயர் சொல்லத் தடுமாறுகிறானா, ஜோடி சேர்க்கத் தடுமாறுகிறானா?